முதிரையின் மஞ்சளைக் காப்பாற்றப் பட்ட பாடு

எங்கள் வீட்டு முன்கதவைப் பார்க்கும் வெளியூர் உறவினர்கள் பெரும்பாலும் "தேக்கோ?" என்றுதான் கேட்பார்கள். அது தேக்கு அல்ல, முதிரை. 2012 ஆம் ஆண்டு, இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள ஒட்டுசுட்டானில் வீட்டை மீண்டும் கட்டியபோது, அப்பப்பாவின் பழைய வீட்டு இடிபாட்டுக்குள் உடையாமல் கிடந்த இரண்டு தீராந்திகளில் (உத்தரங்களில்) ஒன்றை அரிந்து செய்த கதவு அது. சீவுளி போட்டு முடித்த அன்று அதன் நிறம் பனங்குருத்தின் நிறமாக இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால், பட்டுச் சீலையை அசைத்தாற்போல ஒளி அதன்மேல் நகர்ந்தது. மறுநாள் நான் வாங்கிவந்த வார்னிஷை ஆசாரியார் மூன்று முறை பூசினார். முதற்பூச்சிலேயே தேன் நிறம் வந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்தபோது பனங்குருத்து பனங்கட்டியாகியிருந்தது.

இரண்டாவது தீராந்தியின் மரத்துக்குப் பூச்சுப் போடுவதற்கு முன் ஓராண்டு பொறுத்திருந்து, எந்தப் பூச்சு மரத்தின் நிறத்தை என்ன செய்கிறது என்று ஒரு துண்டுப் பலகையில் பார்த்துக்கொண்டேன். வெளிர் நிற வன்மரத்தில் ஏதேனும் செய்ய எண்ணுபவர்களுக்கு அந்த ஓராண்டு உதவக்கூடும்.

வன்னிக் காட்டு மரங்களில் பாலை சிவந்தது, கருங்காலி கறுத்தது. வைரமும் வெளிர்ப்பும் ஒன்றாய் அமைந்த மரம் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முதிரைதான். சிங்களத்தில் புருத என்பார்கள், ஆங்கிலேயர் பட்டுத்துணியின் பெயரை வைத்துச் சட்டின்வூட் என்றார்கள். 1833 இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரே வளைவாகக் கட்டப்பட்ட பாலம் இந்த மரத்தாலானது. 1905 வரை அது நின்றது. மினுக்கத்துக்காக மட்டுமல்லாமல் உறுதிக்காகவும் தேடப்பட்ட மரம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இன்று நின்ற முதிரையை வெட்டுவதற்கும், வெட்டியதை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேண்டியதுதான், காட்டில் பருத்த முதிரையைக் காண்பதே அரிதாகிவிட்டது. ஆகவே கையிலிருக்கும் பழைய மரத்தைப் பிழையான பூச்சால் கெடுத்துவிட்டால், இன்னொன்றை நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது.

கதவில் நடந்த பிழை ஒரு சொல்லில் தொடங்கியது. ஹாட்வெயாரில் "மரத்தின் நிறம் மாறாத வார்னிஷ் வேண்டும்" என்று கேட்டேன். "இது கிளியர், சேர்" என்று ஒரு பேணியை எடுத்துத் தந்தார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கிளியர் என்றால் மரத்தின் வரிகளை மறைக்காமல் ஊடுருவிப் பார்க்கக்கூடியது என்று பொருள். நிறமற்றது என்று பொருள் அல்ல. தேநீரும் கிளியர்தான், வெறுந்தேநீராக இருந்தால். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷும் எண்ணெய் அடிப்படையிலான பொலியூரித்தேனும் பேணிக்குள்ளேயே இளந்தேன் நிறத்தில் இருக்கும். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் அவற்றில் கலந்திருப்பதால், காய்ந்த பின்னும் ஆண்டுக்காண்டு மஞ்சளாகிக்கொண்டே போகும். தேக்கிலும் வேம்பிலும் அது அழகு சேர்க்கும், அல்லது தெரியாமலே போகும். முதிரையில் மறைய இடமில்லை.

2018 வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த வாரத்தில், மகளுக்குப் படிக்கும் மேசை செய்வதற்காக இரண்டாவது தீராந்தியை வெளியே எடுத்தோம். மரக்காலையில் அரிவதற்கு முன் அவர்கள் முதலில் கேட்டது, உள்ளே இரும்பு இருக்கிறதா என்பதுதான். வன்னிப் பழமரத்துக்கு இந்தக் கேள்வி சடங்கு அல்ல. போரில் பாய்ந்த ஒரு சன்னத் துண்டு போதும், அரியும் வாளின் பற்கள் போய்விடும். ஆசாரியாரும் நானும் ஒரு முழு மாலைப்பொழுது தீராந்தியின் நான்கு பக்கங்களையும் தடவிப் பார்த்து, மூன்று ஆணிகளையும் விரல் நகம் அளவான ஓர் உலோகத் துண்டையும் உளியால் தோண்டி எடுத்தோம். ஒவ்வொன்றையும் சுற்றி மை கொட்டியதுபோல நீலக்கறுப்பு வட்டம் இருந்தது. இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. சீவினாலும் போகாது, ஏனென்றால் நாரின் வழியே உள்ளிறங்கியிருக்கும். ஒக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, பிளாஸ்ரிக் பாத்திரத்தில் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசினோம். அரைமணி நேரத்தில் கறுப்பு சாம்பலாகி, இரண்டாம் பூச்சில் ஏறத்தாழ இல்லாமற் போனது. அமிலத்தைக் கறை உள்ள இடத்தில் மட்டும் பூசினால் அந்த இடம் தனியே வெளிறித் தெரியும் என்பதால் பலகை முழுவதற்கும் பூசி, பிறகு மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். அது நஞ்சு; காய்ந்த பின் எஞ்சும் தூள் மூக்கில் ஏறினாலும் தீங்கு, ஆகவே கழுவுவதில் சோம்பல் கூடாது.

முதிரைத் தூளே போதிய தொந்தரவு தரும் என்பதையும் சொல்ல வேண்டும். பலருக்கு அது தோலில் பட்டால் சொறியும் கொப்புளமும் வரும். எனக்கு முழங்கையின் உட்பக்கம் ஒரு வாரம் சிவந்து கிடந்தது; ஆசாரியார் முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடுதான் முதிரைக்குக் கிட்டே வருவார்.

பலகை காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் நான் முன்பு ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்த மூன்று மாற்றங்களைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சு எதுவானாலும், மரம் நனைந்தவுடன் நிறம் ஆழமாகும், அது ஒன்று. பூச்சுக்கே உள்ள நிறமும், அது நாட்பட மஞ்சளாவதும் இரண்டாவது. வெளிச்சம் பட்டு மரம் தானாகவே கறுப்பது மூன்றாவது. கடையில் "நிறம் மாறாது" என்று சொல்பவர் இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார். வாங்குபவர் மூன்றையும் மனதில் வைத்துக் கேட்கிறார்.

முதலாவதை அறியக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தேய்த்து முடித்த பலகையை ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால், அந்த ஈரம் உலரும்வரை தெரியும் நிறமே, முற்றிலும் நிறமற்ற ஒரு பூச்சுப் பூசினால் வரக்கூடிய நிறம். மரநாரின் நுண்துளைகளில் காற்று இருக்கும்போது ஒளி சிதறி மரம் வெளிறித் தெரிகிறது; நீரோ பூச்சோ அவற்றை நிரப்பியதும் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகிறது. ஈரத்தில் தெரியும் நிறம் பிடிக்கவில்லையென்றால், எந்த விலை கொடுத்து எந்தப் பேணியை வாங்கினாலும் பிடிக்கப்போவதில்லை. மெழுகு மட்டும் ஓரளவு விதிவிலக்கு. டென்மார்க்கில் வெளிர் மரங்களுக்குச் சவர்க்காரச் செதில்களைக் கரைத்துப் பூசும் வழக்கமும் உண்டு, ஆனால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் புழங்கும் எங்கள் வீட்டில் அது ஒரு கிழமை தாங்காது.

இரண்டாவதை அறிய ஒரு வெள்ளை டைல் போதும். ஒவ்வொரு பேணியிலிருந்தும் தடித்த ஒரு துளியை அதன்மேல் விட்டுக் காயவைத்தேன். எண்ணெய் வார்னிஷின் துளி இஞ்சித் தேநீர் போலவும், ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் சாதாரணச் செம்மஞ்சள் அரக்கின் (ஷெல்லாக்) துளி அதைவிட ஒரு படி சிவந்தும், வெளிர் அரக்கின் துளி எலுமிச்சைச் சாறு போலவும் நின்றன. நீரில் கரையும் அக்கிரிலிக் பொலியூரித்தேன் துளி முதலில் பால் போல வெள்ளையாக இருந்து, காயக் காய மறைந்து, கடைசியில் அதன் விளிம்பை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதற்குக் குறுக்கு வழி இல்லை, காலம் வேண்டும். தீராந்தியிலிருந்தே இரண்டடித் துண்டு ஒன்றை எடுத்து, குறுக்கே ஆறு பட்டிகளாகப் பென்சிலால் பிரித்தேன். ஒன்று வெறும் மரம். மற்றவை ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் பொலியூரித்தேன், வெளிர் அரக்கு, நீரில் கரையும் அக்கிரிலிக் பொலியூரித்தேன், கடைசியில் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சின்மேல் அதே அக்கிரிலிக். பலகையின் நீளவாக்கில் ஒரு பாதியை அலுமினியத் தாளால் இறுகச் சுற்றி, மேற்கு யன்னற்கட்டில் வைத்துவிட்டேன். அதே மரத்தின் துண்டாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பக்கத்து வீட்டு முதிரைகூட வேறு மஞ்சளாக இருக்கும். எண்ணெய் துடைத்த சீலைத் துண்டை நான் சுருட்டி மூலையில் எறியப் போனபோது ஆசாரியார் பறித்து வேலிக்கம்பியில் விரித்துப் போட்டார். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் விடும். சுருட்டிய சீலைக்குள் அது தேங்கினால் தானாகவே தீப்பற்றும். பங்குனி சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் அதைப் போட்டு வைப்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அடுத்த வைகாசியில் தாளை அவிழ்த்தபோது நான் எதிர்பார்த்தபடி இருந்தவை பாதிதான். எண்ணெய்ப் பொலியூரித்தேன் கதவின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது; அதில் வியப்பில்லை. வியப்பு வெறும் மரத்தில் இருந்தது. எந்தப் பூச்சும் இல்லாத அந்தப் பட்டியின் வெளிச்சப் பக்கம், தாளுக்குள் இருந்த பக்கத்தைவிடப் பொன்னிறமாகக் கறுத்திருந்தது. ஆறு ஆண்டுகள் கதவின் குற்றம் முழுவதையும் வார்னிஷின் தலையில் போட்டிருந்தேன்; மரமும் அதில் பங்காளி. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய்ப் பட்டி தாளுக்குள் இருந்த பக்கத்திலும் மஞ்சளேறியிருந்தது. அந்த எண்ணெய்ப் படலம் இருட்டிலேயே கூடுதலாக மஞ்சளாகும் தன்மை உடையது. அலுமாரியின் உட்பக்கம் வெளிச்சம் படாது, அங்கே எண்ணெய் பூசினால் என்ன என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்கிரிலிக் பூசிய இரண்டு பட்டிகளும் வெறும் மரத்தின் அளவுக்கு மாறியிருந்தன, அதற்கு மேல் தாமாக எதையும் சேர்க்கவில்லை. அவற்றுக்குள் எதைத் தேர்வது என்பதில்தான் ஆசாரியாருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. நேரடியாக அக்கிரிலிக் பூசிய பட்டி மிகவும் வெளிர்ப்பாக இருந்தாலும் கொஞ்சம் செத்த பார்வை உடையது. கண்ணாடிக்கு அப்பால் வைத்த பலகை போல. அரக்கின்மேல் பூசியதில் அந்தப் பட்டு மினுக்கம் உயிரோடு இருந்தது, ஆனால் நூலிழை அளவு மஞ்சள் கூடியிருந்தது.

"மாஸ்டர், நிறம் நிறம் எண்டு நிண்டனீங்கள், இப்ப மினுக்கத்துக்கு ஏன் ஆசைப்படுறியள்?" என்றார் அவர்.

"அண்ணை, இந்த மஞ்சள், மரம் மூண்டு மாசத்தில தானே போடுற மஞ்சளிலும் குறைவு" என்றேன்.

அவர் பலகையை வெளிச்சத்தில் முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்துவிட்டு, மேசையின் மேற்பலகைக்கும் லாச்சி முகப்புகளுக்கும் அரக்கு, கால்களுக்கு வேண்டாம் என்று தீர்த்தார். கால்களில் வரியைப் பார்ப்பவர் யாருமில்லை என்பது அவர் நியாயம். அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

அரக்கு வாங்கும்போது மெழுகு நீக்கிய வெளிர் அரக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். மெழுகு இருந்தால் அதன்மேல் நீர்ப்பூச்சு ஒட்டாது. செம்மஞ்சள் அரக்கென்றால் இத்தனை பாடும் வீண். எங்கள் பக்கக் கடைகளில் வெளிர் அரக்கு கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து மைத்துனர் செதில்களாகக் கொண்டுவந்து தந்தார். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் வரை போட்டு ஓர் இரவு கரைத்து, சீலையால் வடித்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அரக்கை மட்டும் நம்பி மேசையை விட்டுவிடக் கூடாது. சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வட்டம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். முதிரை இயல்பிலேயே பிசின் கொண்ட மரம் என்பதால் அதற்கும் நீர்ப்பூச்சுக்கும் இடையே அரக்கு ஒரு தடுப்பாகவும் நிற்கிறது.

நைட்ரோசெலுலோஸ் லக்கரைப் பற்றிப் பலர் கேட்டார்கள். விசிறும் கருவி வைத்திருப்பவர்களுக்கு அது வேகமான வேலை, முதல் நாள் நிறமும் நல்லது. ஆனால் அதுவும் காலப்போக்கில் மஞ்சளாகும், மாரி காலத்து ஈரக்காற்றில் அடித்தால் வெண்மூட்டம் பிடிக்கும். அக்கிரிலிக் லக்கர் மஞ்சளாகாது. இரண்டு பேணிகளைக் கலந்து அடிக்கும் பொலியூரித்தேனில், அலிபற்றிக் வகை நிறம் காக்கும், அரோமற்றிக் வகை மஞ்சளாகும்; இரண்டின் கடினமாக்கியிலும் உள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாய்க்குக் கேடு. தகுந்த முகமூடி இல்லாமல் அதை வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பூசும் நேரத்தில் வன்னியின் கோடை தனிப் பகையாளி. சோளகம் எழுந்துவிட்டால் முற்றத்துப் புழுதி முழுவதும் வீட்டுக்குள்தான்; நீர்ப்பூச்சோ வெக்கையில் பிரஷ் போன தடம் சமனாகும் முன்பே இறுகிவிடும். முதல் லாச்சியைப் பதினொரு மணிக்குப் பூசி, வயல் உழுததுபோல வரிவரியாகக் கண்டு, முழுவதையும் தேய்த்தெடுத்தேன். பிறகு விடியற்காலை ஆறு மணிக்கு, தரைக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பூசினேன். ஒன்பது மணிக்குள் இரண்டு பூச்சு முடியும். பேணியைக் குலுக்காமல், அடியிலிருந்து மெதுவாகக் கலக்க வேண்டும், இல்லையென்றால் குமிழி. பிரஷ் நைலோன் மயிராக இருக்க வேண்டும். இயற்கை மயிர் நீரை உறிஞ்சிச் சொதசொதத்துவிடும்.

தண்ணீர் பட்டால் மரநார் எழுந்து நிற்கும் என்பது நீர்ப்பூச்சின் பெரிய குறை. அதை முதலிலேயே எழுப்பிவிடுவதே வழி. 120, 180, 220 என்று சாண்ட் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்த பின் ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, சொரசொரப்பாக எழுந்த நாரை 320 ஆல் இலேசாக எடுத்துவிட்டால், முதற்பூச்சுக்குப் பிறகு அவ்வளவாக எழாது. முதிரையின் நார் குறுக்கும் மறுக்கும் ஓடுவதால் சீவுளி சில இடங்களில் பிய்த்துவிடும். ஆசாரியார் உடைந்த யன்னற் கண்ணாடித் துண்டின் விளிம்பால் அவற்றைச் சுரண்டி எடுத்தார், சாண்ட் பேப்பரால் எனக்கு அரைநாளாகும் வேலையைப் பத்து நிமிடத்தில்.

இரண்டு பூச்சுகளுக்கு இடையே தேய்ப்பதற்கு நான் இரும்புப் பஞ்சை எடுத்தது இந்த மேசையில் நான் செய்த மிகப் பெரிய மடைத்தனம். இடப்பக்க லாச்சியில் மட்டும்தான். மறுநாள் காலையில் அந்த மஞ்சள் முகப்பில் கடுகு தூவியதுபோல மாநிறப் புள்ளிகள் நின்றன. நாருக்குள் சிக்கிய இரும்புத் தூள், நீர்ப்பூச்சின் ஈரத்தில் துருவாகியிருந்தது. தீராந்தியிலிருந்து இரும்பைத் தோண்டி எடுக்க ஒரு மாலையைச் செலவழித்தவன், கையாலேயே இரும்பைக் கொண்டுபோய்த் தேய்த்தேன். அந்த முகப்பை மரம்வரை சுரண்டி மறுபடி செய்தோம்.

மொத்தம் நான்கு பூச்சு. தொட்டால் ஒட்டாத நிலை இரண்டு மணி நேரத்தில் வந்தாலும், உள்ளே முற்றாக இறுக வாரங்கள் எடுக்கும் என்பதால், ஒரு மாதம் மகளை அதன்மேல் எதையும் வைக்க விடவில்லை. அவளுக்கு அந்த மாதம் மிக நீளமாக இருந்தது.

புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் சேர்த்த பூச்சுகள் மரம் கறுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஆகவே மேசையை யன்னலுக்கு நேரே போடாமல் பக்கச் சுவரோடு போட்டு, மேற்கு யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை தைத்தோம். இதற்கான செலவு பூச்சுக்கான செலவில் பாதி. பயன் அதைவிடக் கூடுதல் என்பது என் மதிப்பீடு. அப்படியும் முதல் ஆண்டு முடிவில் மகள் அகராதியை எடுத்தபோது, அதன் அடியில் பனங்குருத்து நிறத்தில் ஒரு செவ்வகம் இருந்தது. அதைச் சுற்றி மேசை இளம்பொன்னாகியிருந்தது. முதல் சில மாதங்களுக்குப் பொருட்களை இடம் மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும். அது எங்களுக்குத் தோன்றவில்லை. அகராதியை மறுபக்கத்துக்கு மாற்றிய பின் அந்தச் செவ்வகம் மெதுவாக மற்றவற்றோடு சேர்ந்துவருகிறது.

கதவையும் சுரண்டிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்து, தாழ்ப்பாளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், கண்ணாடித் துண்டால் உள்ளங்கை அளவுக்கு எடுத்துப் பார்த்தேன். வார்னிஷ் உமி உமியாக வந்தது. அதன் கீழே மரத்தின் மேற்பரப்பு வெயிலில் கறுத்திருந்தது; இன்னும் தாளின் தடிப்பளவு இறங்கியதும், 2012 இல் கண்ட அதே மஞ்சள். ஆனால் அந்தக் கதவு மேற்குப் பார்த்தது, மாலை வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. சுரண்டி அக்கிரிலிக் பூசினாலும் சில ஆண்டுகளில் மீண்டும் பொன்னாகி, பிறகு கறுக்கும். சுரண்டிய இடத்துக்கு அரக்கு மட்டும் ஒரு பூச்சுப் பூசி, தாழ்ப்பாளை மறுபடி பூட்டிவிட்டேன்.